லூசெர்னுக்கு மூன்று நாள்

ஆல்வின் லான்ஸ் பயந்த சுபாவம் உள்ள ஆள் இல்லை. மரம் அறுக்கும் மில்லில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். இடது கைச் சுண்டுவிரலில் பாதி அங்கேதான் போயிற்று. போன அன்று மத்தியானமே கட்டுப் போட்டுக்கொண்டு வந்து மிச்ச மரத்தை அறுத்துக் கொடுத்தார். சர்ச் கோபுரத்தில் தேனீக்கூட்டம் வந்து அடைந்தபோது ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. ஏணி வைத்து ஏறியவர் அவர்தான். அப்படிப்பட்ட மனிதருக்கு ஊரில் ஒரே ஓர் இடத்தைக் கண்டால் மட்டும் ஆகாது. அது என் ஜன்னல்.

நான் மார்த்தா பீரி. எம்மெ ஆற்றுக்கு மேலே இருக்கிற எங்கள் ஊரின் ஊராட்சி அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷமாக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்குக் குடிவருகிறவர்கள் என்னிடம் வந்து பெயரைப் பதிய வேண்டும். ஊரைவிட்டுப் போகிறவர்கள் என்னிடம் வந்து பெயரை அடிக்கச் சொல்ல வேண்டும். நாய் வரியிலிருந்து சாவுச் சான்று வரைக்கும் இந்த வழியாகத்தான் போகும். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும், வாய் இல்லாமல் இந்த நாற்காலியில் ஒரு வாரம் உட்கார முடியாது.

லான்ஸ் வீட்டு வேலையாக எப்போதும் வருவது அவர் மனைவி எல்ஸி. அவளும் நானும் சர்ச் பாட்டுக்குழுவில் ஒரே வரிசை. ஆல்வின் மட்டும் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அலுவலக வாசற்படி ஏறியதில்லை. தெருவில் நான் எதிரே வந்தால் மறுபக்கம் போய்விடுவார். என் முகம் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

அந்த வருஷம் மார்ச் மாதம் எல்ஸி ஊன்றுகோலோடு வந்தாள். இடுப்பு எலும்பை மாற்றி நாலு மாதம் ஆகியிருந்தது. காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ஏதோ எழுதி வைத்திருந்தாள்.

“மே மாசம் லூசெர்ன் போறோம்டி. மூணு நாள்.”

தாளை வாங்கிப் பார்த்தேன். செவ்வாய், போய்ச் சேருவது, ஏரிக்கரை பெஞ்சில் உட்காருவது. புதன், கப்பல். வியாழன், மரப்பாலம், ஒரு காப்பி, வீடு.

“என்னடி இது, ஒரு நாளைக்கு ஒரு வேலைதான் போட்டிருக்க? எங்க ஆபீஸ்ல சேர்ந்துடேன்.”

“இந்த இடுப்புக்கு அவ்வளவுதான் முடியும். டாக்டர் இன்னொண்ணும் சொன்னார். அடுத்த பக்கமும் தேய்ஞ்சுக்கிட்டு வருதாம். அதையும் அறுத்தா அப்புறம் நான் எவ்வளவு நடப்பேன்னு அவருக்கே தெரியலையாம். கல்யாணமாகி நாப்பத்து நாலு வருஷம், மார்த்தா. அந்த மனுஷனோட ஒரு ராத்திரி வெளியூர்ல தங்கினதில்ல. எப்பக் கேட்டாலும் கூரை ஒழுகுது, கன்னு போடப்போவுது. இப்பக் கூரையும் மாத்தியாச்சு, மாட்டையும் வித்தாச்சு. சாக்கு தீர்ந்துபோச்சு. காலு நடக்கும்போதே அவரோட அந்த ஏரிக்கரையில ஒரு தடவை உட்கார்ந்துடணும்.”

எங்கள் ஊராட்சி ரயில்வேயிடமிருந்து ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் சீட்டு வாங்கி வைக்கும். அதில் தேதி மட்டும்தான் இருக்கும். அந்தத் தேதியில் நாட்டுக்குள் எந்த ரயிலில் வேண்டுமானாலும் ஏறலாம். விலை குறைவு, அதனால் ஊரே அதற்கு அடித்துக்கொள்ளும். எல்ஸி போவதற்குச் செவ்வாய்க்கிழமைச் சீட்டு இரண்டும், வருவதற்கு வியாழக்கிழமைச் சீட்டு இரண்டும் எழுதிவைத்துவிட்டுப் போனாள்.

சீட்டை ஒரு வாரம் முன்னதாக வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த வாரம் பார்த்து எல்ஸி சளியில் படுத்துவிட்டாள். “அவரை அனுப்பறேன்,” என்று போனில் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் ஆல்வின் வந்தார். வாசலுக்கு வெளியே இருக்கிற அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பலகையில் கிணற்றுக் குழாய் பழுதுபார்ப்பதைப் பற்றி நாலு வரிதான் இருந்தது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன், ஆளைக் காணவில்லை. செவ்வாய்க்கிழமையும் அதேதான். புதன்கிழமை எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று நாளாக ஒருவர் வாசலில் நின்று என்னை வேவு பார்ப்பதாவது.

வியாழக்கிழமை உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எழுபது வயது ஆள், என் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிற தோள், ஆனால் நிற்பது பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு விசாரிக்கிற பையன் மாதிரி இருந்தது. நாலு சீட்டையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து முன்பக்கம், பின்பக்கம் பார்த்தார்.

“ஃப்ரௌ பீரி, இதுல திரும்பி வர்றது எங்க எழுதியிருக்கு?”

“எங்கயும் எழுதியிருக்காது. நாள் சீட்டுல ஊர் பேரே கிடையாது. தேதி மட்டும்தான்.”

“போறதும் இல்லையா?”

“இல்ல.”

“ரிடர்ன்னு ஒரு வார்த்தை போட்டுத் தர மாட்டீங்களா?”

பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மூன்று நாள் எரிச்சல் வேறு. இந்த நீளமான வாய்தான் அப்போது பேசிற்று. “எதுக்குக் கவலைப்படறீங்க? வராட்டிப் போங்க. உங்க பேரை ஏட்டுலேர்ந்து அடிச்சுட்டு வீட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன்,” என்று சொல்லிச் சிரித்தேன். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

ஆல்வின் முகத்தில் ரத்தமே இல்லை. சீட்டுகளை மெதுவாக என் பக்கம் தள்ளி வைத்தார். திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். தொப்பியை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். இப்படியும் ஒரு தொட்டாற்சிணுங்கியா என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மறுநாள் எல்ஸி சளியும் இருமலுமாக வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“என்னடி சொன்ன அவர்கிட்ட?”

“ஒரு வேடிக்கை சொன்னேன். ஏன்?”

“பெட்டியில வச்சதை எல்லாம் எடுத்து அலமாரியில அடுக்கிட்டார். கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கார். ‘அவங்களே சொல்லிட்டாங்க, எல்ஸி, அவங்களே சொல்லிட்டாங்க’ன்னு இதையே சொல்றார். ராத்திரி பூரா தூங்கல. விடியக்காலம்தான் வாயைத் திறந்தார்.”

ஆல்வின் பண்ணையில் வளர்ந்தவர் என்று எல்ஸிக்குத் தெரியும். ஊரில் வயதானவர்களுக்கும் தெரியும். அந்தக் காலத்தில் அப்பா இல்லாத வீடு, வருமானம் இல்லாத வீடு என்றால் ஊராட்சியே பிள்ளைகளை எடுத்துப் பண்ணைகளில் வேலைக்கு விட்டுவிடும். தாய் சம்மதிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அப்படிப் போனவர்கள் எங்கள் ஊரில் பல பேர் இருந்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அதனால் அவரை எப்படி அழைத்துப் போனார்கள் என்று எல்ஸியும் கேட்டதில்லை.

ஆல்வினுக்கு அப்போது எட்டு வயது. அன்றைய ஊராட்சிச் செயலாளர் ஒரு தாளோடு அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். செயலாளர் பையனிடம் தன்மையாகத்தான் பேசினாராம். லூசெர்னுக்குப் போகலாம், ஏரியில் பெரிய கப்பல் ஓடும், மூன்று நாள் இருந்துவிட்டு வியாழக்கிழமை திரும்பிவிடலாம் என்றாராம். பையன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு குதித்துக்கொண்டு கிளம்பினான். அந்த வருஷம்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்தான். கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிற வயது. ஸ்டேஷனில் செயலாளர் கையில் இருந்த இரண்டு சீட்டையும் படித்தான். அவருடையதில் போக, வர என்று இருந்தது. இவனுடைய அரைச் சீட்டில் வர என்பது இல்லை.

என்னுடையதில் திரும்பி வருவது எழுதவில்லையே என்று கேட்டிருக்கிறான். குழந்தைகளுக்கு எழுதமாட்டார்கள் என்றாராம் செயலாளர்.

லூசெர்ன் பிளாட்பாரத்தில் ஒரு விவசாயி காத்துக்கொண்டிருந்தான். பையன் கையைச் செயலாளர் அவன் கையில் கொடுத்தார். அங்கேயே இன்னொரு ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஏரியைப் பையன் பார்க்கவே இல்லை. ஒன்பது வருஷம் அந்தப் பண்ணை. அங்கே என்ன நடந்தது என்று ஆல்வின் எல்ஸியிடம் அன்றைக்கும் சொல்லவில்லை. சொந்தக் காலில் நின்று ஊருக்கு வந்தபோது அம்மா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எல்ஸி போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. நிலவறைக்குப் போய்ப் பழைய ஏடுகளை இறக்கினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, வருஷத்தைப் பிரித்ததும் வந்துவிட்டது. லான்ஸ், ஆல்வின், வயது எட்டு. ஊரை விட்டுப் போனது 1954 மார்ச் 9, செவ்வாய். போன இடம் லூசெர்ன். பெயரின் குறுக்கே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. எவ்வளவு அழகான கையெழுத்து. ஓரத்தில் ஊராட்சி முத்திரை, நடுவில் தேவதாரு மரம். மேலே என் மேஜை இழுப்பறையில் இருக்கிறதே, அதே முத்திரை. அந்த மனிதர் எதற்காக முப்பத்தொரு வருஷம் மறுபக்கம் மாறி நடந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேடிக்கை சொன்னேனாம், வேடிக்கை.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போக முடியுமா? ஊராட்சியிலிருந்து ஒரு பொம்பளை கதவைத் தட்டினால் அந்த ஆள் என்ன ஆவார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. கடிதம் போடலாமென்றால் எங்கள் கவர் ஒவ்வொன்றிலும் அந்த மரம் இருக்கிறது. ஸ்டேஷனில் ரிடர்ன் சீட்டு வாங்கித் தருவதாக எல்ஸியிடம் சொல்லிப் பார்த்தேன். “சீட்டு இல்லடி பிரச்சினை. பேரை அடிச்சுடுவாங்கங்கறார்,” என்றாள்.

இரண்டு நாள் யோசித்தேன். வெளியூரில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கும், வார நாட்களில் வேறு ஊரில் வேலை பார்க்கிறவர்களுக்கும் நாங்கள் ஒரு தாள் கொடுப்போம். ஊர்ச் சான்று என்று பெயர். இன்னார் தற்காலிகமாக வேறிடத்தில் தங்குகிறார், அவருடைய வீடு இங்கேயே இருக்கிறது, அவர் பெயர் இந்த ஊரின் ஏட்டிலேயே இருக்கும் என்பது அதன் சாரம். ஏரிக்கரையில் பெஞ்சில் உட்காரப் போகிறவருக்கு அதை யாரும் கொடுத்ததில்லை. நான் கொடுத்தேன். தங்குமிடம் லூசெர்ன் என்று எழுதினேன். செவ்வாய் முதல் வியாழன் மாலை ஆறு மணி வரை, அதன்பின் வீடு திரும்புவார் என்று எழுதினேன். முத்திரை குத்தும்போதுதான் பயம் பிடித்துக்கொண்டது. முத்திரை இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். இருந்தால் அந்த மரத்தை அவர் மறுபடி பார்க்க வேண்டும். குத்தி, தொப்பியோடும் சீட்டுகளோடும் சேர்த்து எல்ஸியிடம் கொடுத்தனுப்பிவிட்டு, சரியாகத்தான் செய்தேனா என்று தெரியாமல் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் எல்ஸி என் காதில் சொன்னாள். “முதல்ல தொடவே இல்ல. மேஜைமேல கிடந்தது, சுத்தி வந்தார். நேத்துத்தான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எடுத்தார். மூணு தடவை படிச்சார். ‘இதுல வியாழக்கிழமைன்னு போட்டிருக்கே’ன்னார். அவ்வளவுதான். வருவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியல, மார்த்தா. கேக்கவும் பயமா இருக்கு.”

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கெல்லாம் அலுவலக ஜன்னலில் நின்றேன். அங்கிருந்து பிளாட்பாரம் தெரியும். எல்ஸி ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் பின்னல் ரொட்டி வைத்த பையுமாக நின்றாள். ஆல்வின் அவளிடமிருந்து பத்தடி தள்ளி, தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ரயில் வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. எங்கள் ஊரில் அது ஒரு நிமிஷம்கூட நிற்காது. போனபின் பார்த்தேன், பிளாட்பாரத்தில் யாரும் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

பதினொரு மணிக்கு அலுவலக போன் அடித்தது.

“மார்த்தா, அவர் பிளாட்பாரத்தை விட்டு வரமாட்டேங்கறார்.” எல்ஸியின் குரல் உடைந்திருந்தது. “வந்து இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. தூணுல சாஞ்சுக்கிட்டு நிக்கிறார். நான் கையைப் பிடிச்சா உதறுறார். யார் பக்கத்துல வந்தாலும் நடுங்குறார். ரயில்வே ஆள் ஒருத்தர் உடம்பு சரியில்லையான்னு கேட்டதும் பெஞ்சுக்குப் பின்னாடி போய் ஒளியப் பார்த்தார். நான்தான்டி கூட்டிட்டு வந்தேன். அவருக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

“போனை அவர்கிட்ட குடு.”

“உன் குரலைக் கேட்டாப் பயந்துடுவார்.”

“குடுடி.”

வெகுநேரம் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. நடப்பு ஏட்டை இழுத்து, அவர் பெயர் இருக்கிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

“ஹெர் லான்ஸ், நான் பீரி பேசறேன். அந்தத் தாள் உங்ககிட்ட இருக்கா?”

“இருக்கு.”

“எங்க?”

“சட்டைக்குள்ள.”

“எடுத்து எனக்குப் படிச்சுக் காட்டுங்க.”

தாள் விரிகிற சத்தம் கேட்டது. எழுபது வயதுக் குரல், ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்தது. “லான்ஸ், ஆல்வின். தற்காலிகமா. லூசெர்ன்ல தங்குறார். அவர் வீடு…” அங்கே நின்றது.

“மேல படிங்க.”

“அவர் வீடு இந்த ஊர்லயே இருக்கு. அவர் பேர் ஏட்டுலயே இருக்கும்.” மறுபடி மூச்சு. “நீங்கதான எழுதுனீங்க?”

“நான்தான். என் கையெழுத்து கீழ இருக்கு. நான் அன்னிக்குச் சொன்னது அசிங்கம். தெரியாம சொல்லிட்டேன். ஏடு இப்ப என் முன்னாடிதான் இருக்கு. உங்க பேரு இருக்கு. நீங்க வர்ற வரைக்கும் நான் இதை மூட மாட்டேன்.”

பின்னால் ஒரு ரயில் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது போய் அடங்கியது.

“ஏரி எந்தப் பக்கம் இருக்கு?” என்றார்.

“வெளிய வந்ததும் நேரா எதிர்லதான். நூறு அடிகூட இருக்காது.”

“இவ்வளவு பக்கத்துலயா?” என்றார். பிறகு போனை எல்ஸியிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. எனக்குக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. புதன்கிழமை காற்று பலமாக அடித்தது, கப்பல் ஓடுமா, ஓடி ஏதாவது ஆகுமா என்று மனம் அடித்துக்கொண்டது. ஏட்டை மூடவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டதற்கு இங்க் காயட்டும் என்றேன்.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு அலுவலகம் மூட வேண்டும். விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நாற்பதுக்கு ரயில் வந்து போனது. எழுந்து பார்க்கப் பயந்துகொண்டு உட்கார்ந்தே இருந்தேன். கதவு திறந்தது. அறிவிப்புப் பலகையில் நிற்காமல் நேராக வந்திருந்தார். மூக்கும் நெற்றியும் வெயிலில் சிவந்து தோல் உரிய ஆரம்பித்திருந்தது. வெளியே பெஞ்சில் எல்ஸி உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

“திரும்பி வந்ததைப் பதியணும்,” என்றார் ஆல்வின்.

மூன்று நாள் வெளியே போய்வந்தவர் எதையும் பதியத் தேவையில்லை. எந்த விதியிலும் அப்படி இல்லை. நான் வருகைப் படிவத்தை எடுத்து, பேனாவோடு அவர் முன்னால் வைத்தேன். நின்றபடியே நிரப்பினார். அரைச் சுண்டுவிரல் காகிதத்தை அழுத்திப் பிடித்திருந்தது. நிரப்பி முடித்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

பெயர், லான்ஸ், ஆல்வின். எங்கிருந்து வருகிறார், லூசெர்ன். வந்து சேர்ந்த தேதி, அன்றைய தேதி. இந்த ஊரிலிருந்து கிளம்பிய தேதி என்ற கட்டத்தில், பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் குண்டு குண்டாக எழுதியிருந்தார், 1954 மார்ச் 9, செவ்வாய்.

தவறான தேதியைத் திருத்தச் சொல்வது என் வேலை. முப்பத்தொரு வருஷத்தில் ஒருவரையும் நான் விட்டதில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தேன். அவர் எழுதிய தேதிக்குப் பக்கத்தில் குத்தினேன், மை காய்கிறவரைக்கும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.